ஜன்னல் அக்காவும் நான்காவது விடையும்

என் அத்தைக்கு 'தெரியாது' என்று சொல்ல வராது. பிறவிக் குறை அல்ல, வேலையில் சேர்ந்த பிறகு வந்தது. பேருந்து நிலையத்தில் கழிப்பறைக்கும் டயர் குடோனுக்கும் நடுவே 'விசாரணை' என்று எழுதிய ஒரு ஜன்னல் உண்டு. அதற்குப் பின்னால் பதினோரு வருடமாக உட்கார்ந்திருப்பது அவள்தான். ஊரில் பாதிப் பேருக்கு அவள் ஜன்னல் அக்கா. ஜன்னலின் உள்பக்கம் அவள் கண்ணில் மட்டும் படும்படி ஓர் அட்டை ஒட்டியிருக்கிறார்கள்: 'தெரியாது என்று சொல்லாதீர்கள்.'

ஒரு நாள் ஒருவர் மூச்சிரைக்க வந்து, "என் பொண்டாட்டி எந்த வண்டியில போனா?" என்று கேட்டிருக்கிறார். அத்தை அரை நிமிடம் யோசித்தாள்.

"பை பெருசா, சின்னதா?"

"பெருசு."

"அப்போ அம்மா வீட்டுக்குத்தான். மூணாவது நடைமேடை. ஓடுங்க."

ஆள் ஓடினார், பிடித்தும் விட்டார். அடுத்த வாரம் இருவரும் சேர்ந்து வந்து ஜன்னல் வழியாக இரண்டு வாழைப்பழம் நீட்டினார்கள்.

இப்படிப்பட்டவளிடம்தான் தர்க்கத் தேர்வு எழுதச் சொன்னார்கள். மூன்று மாதத்தில் ஜன்னலை மூடிவிட்டு அங்கே ஒரு திரை மாட்டப் போகிறார்களாம். கேள்வி கேட்டால் திரையே பதில் சொல்லுமாம். அத்தை தற்காலிக ஊழியர், ஆகவே வீட்டுக்குப் போகலாம். போகாமல் இருக்க ஒரே வழி நேர அட்டவணைப் பிரிவு. அங்கே ஒன்பது இடம். தேர்வில் நாற்பது கேள்வி: பாதி, சொன்னதை வைத்துச் சொல்லாததைக் கண்டுபிடிப்பது. மீதி, எது பெரிது எது சிறிது. தப்பான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும்.

பத்தாவதில் கணக்கு என்னை விட்டுப் போனது, நான் பள்ளியை விட்டுப் போனேன். இப்போது ஜெராக்ஸ் கடையில் வேலை. அந்தத் தேர்வுக்கான பயிற்சிப் புத்தகத்தை யாரோ நகலெடுக்கக் கொண்டுவந்தார்கள். ஒரு பிரதி தவறுதலாக அதிகம் விழுந்துவிட்டது. மெஷின்மேல்தான் தப்பு.

காலையில் அத்தை சீருடைக்கு இஸ்திரி போடும்போது நான் கேள்வி வாசிப்பேன்.

"எல்லாப் பூனைகளும் பேருந்துகள். எல்லாப் பேருந்துகளும் கற்கள். அப்போ, எல்லாப் பூனைகளும் கற்கள். சரியா தப்பா?"

"எந்த டிப்போ?"

"என்ன எந்த டிப்போ?"

"பூனையை வண்டியா ஓட்டுறது எந்த டிப்போன்னு கேக்குறேன். நம்முதா இருக்காது. இங்க வண்டிக்கே டயர் இல்ல."

"அத்தை, அவங்க சொன்னா சொன்னதுதான். நம்பிக்கிட்டு மேல போகணும்."

"அப்படி நம்பித்தான் பதினோரு வருஷமா தற்காலிகமாவே இருக்கேன்."

பூனையைக்கூட ஒருவழியாகக் கற்களில் சேர்த்துவிட்டோம். பெரிது சிறிதில்தான் மாட்டிக்கொண்டோம். அ, இ, உ என்று எழுத்தாகக் கொடுத்தால் அவளுக்குத் தூக்கம் வந்தது. சரி என்று வீட்டு ஆட்களை உள்ளே இறக்கினேன்.

"அப்பாவுக்கு அம்மாவை விடக் கோபம் அதிகம். வாடகை வாங்குற வீட்டுக்காரருக்கும் அம்மாவை விடக் கோபம் அதிகம். அப்பாவுக்கா வீட்டுக்காரருக்கா, யாருக்கு ஜாஸ்தி?"

"வீட்டுக்காரருக்கு. உங்கப்பன் கத்திட்டுச் சாப்பிடுவான். அந்த ஆள் நல்லாச் சாப்பிட்டுட்டு வந்து கத்துவார்."

"விடை நாலு. சொல்ல முடியாது."

"ஏன் முடியாது? ரெண்டு பேரையும் நான் பாத்திருக்கேனே."

"கேள்வி எழுதினவங்க பாக்கலையே."

"அது அவங்க பிரச்சினை."

உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது: "எனக்குக் கோபம் கம்மின்னு எந்தப் புத்தகத்துல போட்டிருக்கு?"

முதல் மாதிரித் தேர்வில் நான்காவது விடை வரவேண்டிய கேள்விகள் பன்னிரண்டு இருந்தன. பன்னிரண்டிலும் அத்தை வேறு எதையோ குறித்திருந்தாள். நாலைக் குறிக்கப் போனால் பேனா பக்கத்து விடைக்குப் போய்விடுகிறதாம். "யாரோ ஜன்னலுக்கு வெளியே நின்னுக்கிட்டு இருக்கிற மாதிரி இருக்குடி. சொல்ல முடியாதுன்னு எப்படித் திருப்பி அனுப்புறது?"

நோய் ஜன்னலில் வந்தது என்றால் மருந்தையும் ஜன்னலுக்குத்தான் அனுப்ப வேண்டும். அங்கே ஒரு தொலைபேசி உண்டு. கடையில் கூட்டம் குறையும் நேரத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டேன்.

"ஏம்மா, ஏழாம் நம்பர் வண்டி பன்னிரண்டுக்கு முன்னாடி வரும். முப்பதும் பன்னிரண்டுக்கு முன்னாடி வரும். ஏழு முதல்லயா, முப்பது முதல்லயா?"

"ஏழு. முப்பதாம் நம்பர் டிரைவர் டீ குடிக்காம ஏற மாட்டார்."

மறுநாள் கிழவர் குரலில் கூப்பிட்டேன், அதற்கு மறுநாள் சளி பிடித்த வாத்தியாராக. ஐந்தாம் நாள் அவள் கண்டுபிடித்துவிட்டாள். "குரங்கே, இங்க வரிசை நிக்குது" என்று வைத்துவிட்டாள். நான் விடவில்லை. மூன்றாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை, கேள்வியை முடிப்பதற்குள் கணீரென்று பதில் வந்தது: "தகவல் போதாது. விடை நாலு. போனை வை, குரங்கே." அன்று நான்கு பக்கம் நகல் கேட்டு வந்தவருக்கு ஐந்தாகக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டுக்கு வந்ததும் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இன்னைக்கு மதியம் எடுத்த குரல் பிரமாதம். ரொம்பப் பெரிய மனுஷி மாதிரி."

"இன்னைக்கு நான் கூப்பிடவே இல்லையே."

"விளையாடாத."

"சத்தியமா அத்தை. மெஷின்ல பேப்பர் சிக்கி, மதியம் பூரா கை உள்ளேயே இருந்துச்சு. பாரு, மை."

அத்தை என் கையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்போ நான் யாரைக் குரங்குன்னு சொன்னேன்?"

மறுநாள் காலை தெரிந்தது. நேர அட்டவணைப் பிரிவு அதிகாரி ஒவ்வொரு ஜன்னலாகக் கூப்பிட்டுச் சோதித்திருக்கிறார். பதினோரு மணிக்கு நேரில் வரச் சொல்லி ஆள் வந்தது. அத்தையின் தேர்வு விண்ணப்பம் கையெழுத்துக்காகக் கிடந்ததும் அதே அதிகாரியின் மேசையில்தான். அன்று சாயங்காலம் கடைசி நேரம்.

கடைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு நானும் போனேன். வலி உண்மையாகவே வந்துவிட்டது.

அதிகாரி ஒல்லியான அம்மா. கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "முதல் வண்டி அஞ்சு மணிக்குக் கிளம்புது, விரைவு வண்டி அஞ்சேகாலுக்கு. எது முதல்ல போய்ச் சேரும்னு கேட்டேன். நீங்க என்ன சொன்னீங்க?"

அத்தை வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மேடம், குரங்கு நான்தான். தினமும் போன் பண்ணிக் கேள்வி கேட்டுத் தொல்லை கொடுத்தது நான். பரீட்சைக்குப் பழக்குறதுக்காக. அத்தைமேல தப்பு இல்ல."

"அப்போ என்னைக் குரங்குன்னு சொல்லலையா?"

அத்தை தொண்டையைச் செருமினாள். பூனையும் கற்களும் அவள் மூளையில் எங்கோ உருண்டிருக்க வேண்டும். "இந்தக் குரங்கு போன் பண்ணும் மேடம். நீங்களும் போன் பண்ணீங்க. அதை மட்டும் வச்சு நீங்க குரங்குன்னு முடிவு பண்ண முடியாது. தகவல் போதாது."

"போதாதா? அப்போ இல்லைன்னும் முடிவு பண்ண முடியாதா?"

அத்தை என் பக்கம் திரும்பினாள். நான் தரையைப் பார்த்தேன். தரையில் உதவி எதுவும் இல்லை.

"சரி, அது போகட்டும்" என்றார் அதிகாரி. முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. "வண்டி விஷயத்துக்கு வாங்க. நீங்க சொன்ன விடை சரியா?"

"பரீட்சைக்குச் சரி மேடம். கிளம்புற நேரத்தை மட்டும் வச்சுச் சேர்ற நேரத்தைச் சொல்ல முடியாது." அத்தை ஒரு மூச்சு விட்டாள். "ஜன்னலுக்குத் தப்பு. பாலத்துக்கு அந்தப் பக்கம் கடைசி வரைக்கும் ரோடு வேலை. ஒத்தை வழி, யாரும் யாரையும் முந்த முடியாது. அஞ்சு மணி வண்டி அஞ்சே முக்காலுக்குப் பாலம் ஏறிடும். விரைவு வண்டி ஆறுக்குத்தான் வரும். அதனால முதல் வண்டிதான் முதல்ல சேரும். உங்க கேள்வியில தகவல் இல்ல, ஆனா என்கிட்ட இருந்துச்சு. நான் சொல்லியிருக்கணும்."

அதிகாரி சுவரில் மாட்டியிருந்த கால அட்டவணையைத் திரும்பிப் பார்த்தார். அதில் விரைவு வண்டி இருபது நிமிடம் முன்னதாகப் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது. பேனாவைத் திறந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார். "இனி யாரா இருந்தாலும் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். விலங்குகளைச் சேர்க்க வேண்டாம்."

தேர்வை அத்தை எப்படி எழுதினாள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தவள், பேனா தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

ஒரு மாதம் கழித்து முடிவை நடைக்கூடச் சுவரில் ஒட்டினார்கள். நான் கீழேயிருந்து மேலே படித்தேன், அத்தை மேலேயிருந்து கீழே. இருவரும் ஒரே வரியில் சந்தித்தோம். ஒன்பதாவது இடம், இருபத்தெட்டே முக்கால் மதிப்பெண். ஆனால் அந்த வரியில் இரண்டு பேர் இருந்தார்கள். மற்றவர் டிக்கெட் அச்சடிக்கும் பிரிவு அக்கா. கீழே சின்ன எழுத்தில்: சமமாக இருந்தால் வயதில் மூத்தவருக்கு.

வயதைச் சரிபார்க்கும் குமாஸ்தா ஒரு கம்பிக் கூண்டுக்குள் இருந்தார். பின்னால் பாதி டிப்போ நின்றது. அச்சுப் பிரிவு அக்கா தயங்காமல் சொன்னார்: "நாப்பத்தி நாலு."

அத்தைக்கு நாற்பத்தொன்று. எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும், அம்மாவை விட இரண்டு வயது சின்னவள். போச்சு என்று நினைத்தேன்.

அத்தை கம்பியருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தாள்.

"கேக்கல. சத்தமாச் சொல்லுங்க."

அத்தை நிமிர்ந்தாள். நடைமேடை அறிவிப்பு மாதிரி, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி சொன்னாள்: "நாப்பத்தி ஆறு. போன மாசத்தோட முடிஞ்சுது."

சான்றிதழும் அதையே சொன்னது. குமாஸ்தா டிக் அடித்தார். பின்னால் யாரோ சீட்டியடித்தார்கள்.

திரும்பி வரும்போது நான் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். அப்பா காட்டிக்கொடுத்திருக்க வாய்ப்பில்லை, அவர் பிறந்தநாளையே அம்மாதான் நினைவுபடுத்த வேண்டும். அப்படியானால் அத்தை அம்மாவை விட மூன்று வயது மூத்தவள். "உனக்கென்ன, சின்ன வயசு" என்று சொல்லிச் சொல்லியே பதினெட்டு வருடமாக மாடித் தொட்டிக்குத் தண்ணீரை அம்மா அவளைத்தான் தூக்க வைத்திருக்கிறாள். அவளும் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறியிருக்கிறாள். இந்தச் செய்தியை வைத்து ஒரு வருடம் ஓட்டலாம். என் கைக்குக் கிடைத்ததிலேயே பெரிய வெடி இது.

தெருமுனையில் அத்தை நின்றாள். "வீட்டுல..." என்றாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்ல. நட."

வீட்டில் அம்மா சந்தோஷத்தில் அத்தையைக் கட்டிக்கொண்டாள். பிறகு விவரம் கேட்டாள். "ரெண்டு பேரும் சமம்னா உன்னை எப்படி எடுத்தாங்க?"

அத்தை என்னைப் பார்த்தாள்.

"அந்த அக்காவோட கையெழுத்து ரொம்ப மோசமாம்மா" என்றேன். "நேர அட்டவணையை அப்படி எழுதினா ஊர் முழுக்க வண்டியைத் தவறவிடும்னு சொல்லிட்டாங்க."

"அதான பாத்தேன்" என்றாள் அம்மா. "சரி, தொட்டி காலி. ஏய், உனக்கென்ன, சின்ன வயசு..."

அத்தை எழுவதற்குள் நான் வாளியை எடுத்துவிட்டேன். இவளுக்கு இன்னைக்கு என்ன ஆச்சு என்று அம்மா கேட்பது முதல் மாடிவரை கேட்டது. இரண்டாவது மாடிக்குப் பிறகு எனக்கு எதுவும் கேட்கவில்லை, மூச்சு வாங்கியது.