தங்கவேல் அண்ணன் படித்துச் சொன்ன நோட்டீஸ்

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, ஆபீஸ் போனில் அந்தச் செய்தி வந்தது. ஆபீஸ் வேலையாகப் போக லோக்கல் ரயிலுக்காகக் கட்கி ஸ்டேஷனில் நின்றிருந்த தங்கவேல் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லையாம். போனை வைத்துவிட்டு எதிரே பார்த்தேன். அவருடைய நாற்காலியில் மூக்குக்கண்ணாடிக் கூடு மட்டும் இருந்தது.

மராட்டிய மண்ணில், கட்கியில் எங்கள் தொழிற்சாலையின் குடியிருப்புப் பிரிவில் பதினைந்து வருடம் அவரும் நானும் எதிரெதிர் மேஜை. வேலையை விட்டவர், ஓய்வுபெற்றவர், இறந்தவர் குடும்பங்களுக்கு, குவார்ட்டர்ஸைக் காலி செய்ய ஒரு மாதக் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்புவது எங்கள் வேலை. நோட்டீஸ் ஆங்கிலத்தில் போகும். தமிழ்க் குடும்பங்கள் அதை எடுத்துக்கொண்டு அவரிடம்தான் வருவார்கள். அவர் வேலூர்ப் பக்கத்துக்காரர். யார் மனமும் நோகக் கூடாது என்று நினைப்பவர். அந்த நல்ல குணம்தான் முதலில் அவரைக் கெடுத்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ஃபிட்டராக இருந்து இறந்தவரின் மனைவி பச்சையம்மா நோட்டீஸோடு வந்தார். கெடு முடிந்தால் பலவந்தமாக வெளியேற்றுவோம் என்று அதில் இருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, சீக்கிரம் வேறு இடம் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள் என்று மட்டும் சொன்னார். பச்சையம்மாவும் மகளின் பரீட்சை முடியட்டும் என்று இருந்துவிட்டார்.

கெடு முடிந்த மறுநாள் மழை. விஷயம் தெரிந்து நாங்கள் ஓடியபோது தையல் மிஷின், கட்டில், அரிசி டின் எல்லாம் தெருவில் நனைந்துகொண்டிருந்தன. காவலாளிகள் இருவர் ஆட்டுக்கல்லைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார்கள். பச்சையம்மா அவர்களைத் திட்டவில்லை. அண்ணனைப் பார்த்து, "நீ படிச்சிச் சொன்னப்ப இப்டின்னு சொல்லலியேப்பா" என்றார்.

ஆபீஸுக்குத் திரும்பியதும் அந்த ஃபைல் என் மேஜைக்கு வந்தது. மேனேஜர் பச்சை மையில் 'த்ரோ தெம் அவுட்', தூக்கி வெளியே எறியுங்கள், என்று எழுதியிருந்தார். அண்ணன் அதில் விரலை வைத்துக் கேட்டார்.

"கெட்டுப்போன பாலுக்கும் இதைத்தானே சொல்வாங்க?"

ஆமாம் என்றேன். பழைய பேப்பருக்கு? அதற்கும்தான். கோர்ட்டில் நிற்காத கேஸுக்கு? அதற்கும் அதே சொல்தான் என்றேன்.

"மனுசனுக்குன்னு தனியா ஒண்ணு வெச்சுக்கலியா?"

நான் ஃபைலை மூடி வைத்தேன்.

அன்றிலிருந்து அவர் பேச்சு மாறியது. நோட்டீஸைக் கொண்டுவந்தவர்களிடம், "தூக்கி வெளிய போட்ருவாங்க. இதான் அர்த்தம். கெடுவுக்குள்ள கெளம்பிடு" என்று முகத்துக்கு நேரே சொல்வார். கல்நெஞ்சக்காரன் என்று குவார்ட்டர்ஸ் லைனில் பெயர் வாங்கினார். அவர் வந்தால் கதவைச் சாத்தியவர்களும் உண்டு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களையே அழைத்துக்கொண்டு பக்கத்துப் பேட்டைகளான போபோடியிலும் தாபோடியிலும் வாடகை வீடு தேடி அலைவார். "ஒங்க வீட்ல என்னைக்காவது ஞாயித்துக்கிழம இருந்திருக்கீங்களா?" என்று நான் சீண்டினால் சிரிப்பார். அதன்பிறகு ஒரு தமிழ்க் குடும்பத்தின் சாமானும் தெருவில் கிடக்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த வாரம், குவார்ட்டர்ஸில் இருந்த அவர் வீட்டுக்கான நோட்டீஸையும் நான்தான் டைப் அடித்தேன். வேறு ஆள் இல்லை. கையில் எடுத்துக்கொண்டு நானே போனேன். அண்ணிக்கு ஆங்கிலம் தெரியாது.

"இன்னா தம்பி போட்டிருக்குது?"

"வேற எடம் பாத்துக்கச் சொல்றாங்க அண்ணி. மெதுவாப் பாக்கலாம்."

அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒங்க அண்ணன் இப்டிச் சொல்ல மாட்டாரே" என்றார்.

பிறகு, கெடுவுக்குள் கிளம்பாவிட்டால் தூக்கி வெளியே போட்டுவிடுவார்கள் என்று அவரைப் போலவே சொன்னேன். அண்ணி தலையாட்டிவிட்டு உள்ளே போனார். பரணிலிருந்து பாத்திரங்களை இறக்கும் சத்தம் கேட்டது.

அண்ணே, இரண்டு ஞாயிற்றுக்கிழமை போபோடி முழுக்கச் சுற்றிவிட்டேன். பக்கத்து ஹிஞ்சேவாடிக்குக் கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்ததிலிருந்து இங்கே வாடகை அண்ணிக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. எந்தச் சந்தில் யார் வீட்டைக் கேட்டால் கிடைக்கும் என்பது உங்களுக்குத்தான் தெரியும். உங்கள் படத்துக்கு நான் பூ வாங்கி வரவில்லை. கெடுவுக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கிறது. நாளை மறுபடியும் போகிறேன். அண்ணிக்கு வீடு கிடைக்காமல், நீங்கள் நிம்மதியாகப் போங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.