கோமகனின் வலது கை

லெபரெக்ட் எழுதிய ஓபராவுக்கு ஆஷன்ராட் ஊரில் ஒரு கைகூடத் தட்டவில்லை, அழுகிய முட்டைக்கோஸ்தான் பறந்தது என்று இன்றைக்கும் பேச்சு. விசாரித்துப் பார்த்ததில் முட்டைக்கோஸ் பொய். அரண்மனை அரங்கத்தில் கைச்சுமையை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கை தட்டாதது மட்டும் மெய்.

லெபரெக்ட் அந்த அரங்கத்தில் இருபத்தாறு வருஷம் வயோலா வாசித்தவர். வயோலாக்காரனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தப்பாக வாசித்தால் பார்ப்பார்கள். மனைவி ஒட்டிலீ உருளைக்கிழங்கு தோல் சீவும் மேசையிலேயே உட்கார்ந்து ஏழு ஓபரா எழுதினார். ஆறு பெட்டிக்குள் போயின. ஏழாவது, மாவுமில்காரன் மகளின் கதை, அவருடைய ஐம்பத்தொன்றாம் வயதில் மேடையேறியது. அதுவும் அன்றைக்குப் பாட இருந்த இத்தாலியப் பாடகிக்குத் தொண்டை கட்டிக்கொண்ட புண்ணியத்தில். அரங்க அதிகாரி டிரெபெல் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: சபை ஏற்றுக்கொண்டால் மறுபடி போடுவோம், பக்கத்துச் சமஸ்தானங்களுக்கும் அனுப்புவோம், இல்லாவிட்டால் இனி எழுதி எடுத்துக்கொண்டு வந்து நிற்கக் கூடாது.

அந்த ஊர் வழக்கப்படி, ஊரை ஆளும் கோமகன் தட்டுவதற்கு முன் எவனும் தட்டக் கூடாது. அவர் தட்டிவிட்டால் தட்டாமல் இருக்கவும் கூடாது. இதனால் ரசனை என்கிற தலைவலி அங்கே யாருக்கும் இருந்ததில்லை.

அன்றைக்குத் தன் ஓபராவுக்குத் தானே வயோலா வாசித்தார் லெபரெக்ட். முதல் அங்கம் முடிந்ததும் நிமிர்ந்து பார்த்தார். கோமகன் முகமெல்லாம் சிரிப்பு. வலது கை மட்டும் கழுத்தில் கட்டிய துணியில் தொங்கியது. கீல்வாதம், பஞ்சு சுற்றிப் பூசணிக்காய் அளவுக்கு இருந்தது. தலையைத் தலையை ஆட்டினார். தலையாட்டினால் என்ன செய்வது என்பதற்கு வழக்கம் இல்லை. அறுநூறு பேரும் கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

கடைசித் திரை விழுந்தபோதும் அதே கதை. மேல்மாடத்தில் ஒட்டிலீ கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்கினாள். பக்கத்தில் இருந்த ரொட்டிக்கடைக்காரி வால்புர்கா இரண்டையும் பிடித்து அமுக்கினாள்.

“கைய இறக்குடி. உன் புருஷனுக்கு இருக்கிற வேலையும் போகணுமா?”

“நல்லாத்தானேக்கா இருந்துச்சு?”

“நல்லா இல்லேன்னு யாரு சொன்னா? எனக்கே அழுகை வந்துருச்சு. சும்மா உக்காரு.”

சபை ஏற்கவில்லை என்று எழுதி மூடினார் டிரெபெல். மறுநாள் ஆற்றங்கரையில் துணி துவைத்த பெண்கள் அந்த மில்காரன் மகள் பாட்டைத்தான் பாடினார்கள். தோற்றுப்போன ஓபராவின் பாட்டு என்று சொல்லிக்கொண்டே பாடினார்கள். லெபரெக்ட் யாரிடமும் வாய் திறக்கவில்லை. திறந்தால் பழி கோமகனின் கை மேல் போகும். சம்பளம் வருவதும் அந்தக் கையிலிருந்துதான்.

ஒரு மாதம் கழித்துக் கோமகனே டிரெபெலிடம் கேட்டார், அதை ஏன் மறுபடி போடவில்லை என்று.

“ஜனங்களுக்குப் பிடிக்கலைங்க, பிரபு.”

“அப்படியா? எனக்குப் பிடிச்சிருந்துதேய்யா. சரி, ஜனங்க ரசனையில நாம தலையிடக் கூடாது.”

ஆனாலும் மனசு கேட்காமல், ஊரே வாத்துக்கறி தின்னும் மார்ட்டின் திருநாளுக்கு அந்த மனுஷனுக்குக் கொழுத்த வாத்து ஒன்று கொடுக்கச் சொன்னார். சமையலறையில் டிரெபெலின் கையெழுத்துக் கேட்டார்கள். வாத்து, ஜெயித்த ஓபராவுக்குத்தான் என்று சொல்லி டிரெபெல் பேனாவை மூடிவைத்தார்.

லெபரெக்ட் எட்டாவது ஓபரா எழுதவில்லை. பதினோரு வருஷம் வயோலா மட்டும் வாசித்துவிட்டுச் செத்துப்போனார். ஒட்டிலீ வருஷா வருஷம் மார்ட்டின் திருநாளுக்கு அரண்மனைச் சமையலறை வாசலில் போய் நிற்கிறாள். கோமகன் சொன்ன வாத்து கிடையாது என்று அங்கே யாரும் சொல்வதில்லை. கையெழுத்துத்தான் இன்னும் வரவில்லை.