கொலம்பஸ் கப்பலும் குழந்தையம்மாளின் முன்பல்லும்

கோபுரம் கண்ணில் பட்டால் குழந்தையம்மாளின் கை தானாக மேலே போய்விடும். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போதுகூடக் கம்பியை விட்டுவிட்டுக் கும்பிடுவாள். அப்படியே பக்கத்தில் நிற்பவர் மேல் சாய்ந்து, "கோவிச்சுக்காத கண்ணு" என்று சொல்லி நிமிர்ந்துகொள்வாள். திருப்பூரில் அவள் வேலை பார்த்த பனியன் கம்பெனியில் இது எல்லோருக்கும் தெரியும். சாமி கொடுத்த கை, சாமியைக் கும்பிடுகிறது. அதில் யாருக்கு என்ன நஷ்டம்?

நஷ்டம் வந்தது குன்னத்தூர் நோம்பியில். நோம்பி என்றால் எங்கள் பக்கத்தில் கோயில் திருவிழா. இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், மாசி மாதம். பக்கத்து வீட்டுப் பாண்டியம்மாளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தாள். பாண்டியம்மாள் விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். இரண்டு பேரும் ஒரே மேசையில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறவர்கள். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால், திடலில் கொலம்பஸ் கப்பல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"வாக்கா, ஒரு தடவ ஏறிப் பாப்பம். பொண்ணுக்குக் கல்யாணம் பண்ணிட்டா அப்புறம் மாமியாருன்னு கவுரவம் பாக்கணும்ல" என்று பாண்டியம்மாள் கையைப் பிடித்து இழுத்தாள். மகள் சித்ரகலாவுக்கு வைகாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் குழந்தையம்மாளும் ஏறிவிட்டாள். இடம் கிடைத்தது கடைசி வரிசையில்.

கப்பல் மெதுவாகத்தான் ஆட ஆரம்பித்தது. பிறகு அவர்கள் உட்கார்ந்திருந்த கடைசிப் பக்கம் மேலே போயிற்று. வளையல் கடை, அல்வாக் கடைக் கூரைகளெல்லாம் கீழே இறங்க, எதிரே சீரியல் லைட் போட்ட கோபுரம் முழுசாகத் தெரிந்தது. குழந்தையம்மாள் கம்பியை விட்டாள். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி, "அம்மா தாயே" என்றாள். அந்த நேரம் பார்த்துக் கப்பல் கீழே பாய்ந்தது. வாய் நேரே போய் முன்னால் இருந்த கம்பியில் மோதியது.

இறங்கிப் பார்த்தால் முன்பல் இரண்டும் இல்லை.

கொஞ்ச நாள் வலித்தது, பிறகு வலி போய்விட்டது. வெட்கம்தான் போகவில்லை. பேசினாலும் சேலைத் தலைப்பு வாய்க்குப் போனது. வேலையிலும் தொல்லை. சூப்பர்வைசர் பார்க்காத நேரத்தில் நூலைப் பல்லால் கடித்து எடுக்கிற பழக்கம் அவளுக்கு. இப்போது கடித்தால் நூல் வழுக்கிக்கொண்டு போனது. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வாள். கல்யாணத்தன்று சம்பந்தி வீட்டார் முன்னால், அத்தனை சனத்துக்கு நடுவில், வீடியோக்காரன் விளக்கைப் பிடிக்கும்போது எப்படி நிற்பது?

கணவர் நல்லான் கம்பெனி குடோனில் பெட்டி ஏற்றுகிறவர். "உடு புள்ள. கல்யாணம் முடியட்டும், அப்புறமா பல்லுக் கட்டிக்கலாம்" என்றார்.

"அப்புறம் எதுக்குங்க? கல்யாணத்துக்குத்தானுங்க பல்லு வேணும்."

மண்டபத்துக்கும் சமையலுக்கும் கொடுத்தது போக வீட்டில் ஒன்றும் மிஞ்சாது என்று இரண்டு பேருக்கும் தெரியும். பாண்டியம்மாள்தான் விடவில்லை. "கப்பக்காரன்கிட்ட நஷ்டஈடு கேக்கணும்க்கா. நம்ம சும்மாவா ஏறுனோம், டிக்கெட்டு எடுத்துத்தான ஏறுனோம்?" என்றாள். கோர்ட்டுக்குப் போகலாம் என்று கம்பெனியில் ஒருத்தர் சொன்னார். எத்தனை நாளாகும் என்று கேட்டார்கள். பேரப்பிள்ளைக்கு மொட்டை அடிக்கிற சமயத்தில் தீர்ப்பு வந்துவிடும் என்றார் அவர்.

அதனால் நேராகவே போனார்கள். அதற்குள் கப்பல் குன்னத்தூரை விட்டுத் தாராபுரத்துக்குப் போயிருந்தது. அங்கே வேறொரு நோம்பி. சண்டைக்குப் போனாலும் சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தானே போக வேண்டும்? கோயிலுக்குள் போய், நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு, அப்புறம்தான் குழந்தையம்மாள் திடலுக்கு வந்தாள்.

கப்பல் முதலாளி ராஜபாண்டி டிக்கெட் கூண்டில் உட்கார்ந்திருந்தான். மதுரைப் பக்கத்து ஆள். நடந்ததைச் சொன்னதும் வெளியே வந்து, அவள் வாயைப் பார்த்து, உண்மையிலேயே வருத்தப்பட்டான். ஆனால் பிடி கொடுக்கவில்லை.

"யக்கா, கம்பிய விடாதீகன்னு போர்டு வச்சிருக்கேன். மைக்லயும் சொல்றோம். நீங்களா கைய விட்டா நான் என்ன செய்யட்டும்?"

"சாமி தெரிஞ்சுதுங் தம்பி. கும்பிடாம எப்படீங்க இருக்கறது?"

"அப்படின்னா சாமிகிட்டத்தான் நஷ்டஈடு கேக்கணும்."

பாண்டியம்மாள் முன்னால் வந்தாள். "சாமி எங்கயும் ஓடிப் போகாது, அந்த ஊர்லயேதான் இருக்கும். நீதான் நாளைக்கே கப்பலக் கழட்டிட்டுப் போயிருவ. அதான் மொதல்ல உன்கிட்ட வந்தோம்."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இந்த வேலைல இத்தன வருஷமா இருக்கேன். கப்பல்ல சாமி கும்பிட்டது இந்தக்கா ஒருத்திதான்" என்றான். பையனைக் கூப்பிட்டு ஆளுக்கு ஒரு டெல்லி அப்பளம் வாங்கித் தரச் சொன்னான். முறம் அகலத்துக்கு இருந்த அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழந்தையம்மாள் நின்றாள். எந்தப் பல்லால் கடிப்பது? திருப்பூர் பஸ்ஸில் ஓரம் ஓரமாக ஒடித்து வாயில் போட்டு ஊறவைத்துத் தின்று முடித்தாள்.

சித்திரை பிறந்தது. பத்திரிகை அடித்து வந்தாயிற்று. கப்பல் கணியூரில் நிற்பதாகத் தெரிந்ததும், ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் இரண்டு பேரும் கிளம்பினார்கள். "உன்ற பல்லு புண்ணியத்துல எல்லா ஊருச் சாமியையும் பாத்துப்போட்டே" என்று நல்லான் கேலி செய்து அனுப்பினார்.

கணியூரிலும் முதலில் சாமி, பிறகு திடல். இவர்களைக் கண்டதும் ராஜபாண்டி கூண்டுக்குள் குனிந்து சில்லறை தேடினான். குழந்தையம்மாள் சண்டை எதுவும் போடவில்லை. கப்பலுக்கு அருகில் போய் நின்றாள். இங்கேயும் கப்பலைக் கோயிலைப் பார்த்துத்தான் நிறுத்தியிருந்தான். சாமி கும்பிட்டு வருகிற கூட்டத்தின் கண்ணில் பட வேண்டுமே.

கடைசி வரிசை மேலே போயிற்று. குழந்தையம்மாள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு கூண்டுக்கு வந்து, "ஒரு நிமிசம் வாங்க தம்பி. காசெல்லாம் கேக்கலீங்க. மேல மட்டும் பாருங்க" என்றாள்.

சரி, போய்த் தொலைவோம் என்று அவன் வந்தான். கப்பல் உயர்ந்தது. நரைத்த தலை அம்மா ஒருத்தி கையைத் தூக்கினாள். பக்கத்தில் இருந்தவள் ஒரு கையால் குழந்தையைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கம்பியைப் பிடிக்கக் கை ஏது? அவர்களுக்குப் பின்னால் இரண்டு மீசைக்காரர்களும் கும்பிட்டபடி இருந்தார்கள்.

ராஜபாண்டி இரண்டு எட்டு முன்னால் ஓடினான். விசில் ஊதி மோட்டாரை நிறுத்தச் சொன்னான். கப்பல் நிற்கிற வரைக்கும் அந்தக் குழந்தையை விட்டு அவன் கண் நகரவில்லை.

"இத்தன நாளும் நான் சனத்தப் பாக்கவே இல்லக்கா. டிக்கெட்டத்தான் பாத்துட்டு இருந்திருக்கேன்" என்றான்.

"தெய்வம் காப்பாத்திருக்குதுங் தம்பி. என்ற பல்லோட போச்சுது."

மைக்கை அவனே வாங்கினான். "ஏறப் போறவுக எல்லாரும் கேட்டுக்கங்க. சாமிய இங்க கீழயே நின்னு கும்பிட்டுட்டு ஏறணும். மேல போனா ரெண்டு கையும் கம்பியிலதான் இருக்கணும்" என்றான். கூட்டம் சிரித்தது. ஆனாலும் கோபுரத்தைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டுத்தான் ஏறியது. மறுநாள் கப்பலைக் கழற்றிக் கோபுரம் தெரியாதபடி குறுக்காகத் திருப்பி நிறுத்தினானாம்.

அந்த வாரமே திருப்பூருக்கு வந்து, குழந்தையம்மாளைப் பல் டாக்டரிடம் அவனே கூட்டிக்கொண்டு போனான். "எப்படிம்மா உடைஞ்சுது?" என்று டாக்டர் கேட்டார். ராஜபாண்டி தரையைப் பார்த்தான்.

"நோம்பிக்குப் போனப்பங்க. பாதி என்ற தப்பு, பாதி இந்தத் தம்பி தப்புங்க. செலவு முழுசும் தம்பிதுங்க" என்றாள். டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பல்லை மட்டும் அழகாகக் கட்டிவிட்டார்.

வைகாசியில் கல்யாணம். சேலைத் தலைப்பு தோளிலேயே இருந்தது. வந்தவர்களை வாசலில் வரவேற்பதிலிருந்து சீர்த்தட்டு எடுப்பது வரைக்கும் குழந்தையம்மாள் சிரித்த முகம் மாறவில்லை. வீடியோக்காரன்கூட, "தாலி கட்டும்போதாவது கொஞ்சம் வாய மூடுங்கம்மா" என்று கேட்டுப் பார்த்தான்.

பெண்ணை அனுப்பி வைக்கிற நேரம் வந்தது. சித்ரகலா தேம்பித் தேம்பி அழுதாள். நல்லான் தூணுக்குப் பின்னால் போய்த் துண்டால் கண்ணைத் துடைத்தார். சம்பந்தியம்மாளுக்கு ஒரே ஆச்சரியம்.

"ஏனுங் சம்பந்தி, புள்ளையை அனுப்பறீங்க, ஒரு சொட்டுக் கண்ணீர் வரலீங்களே?"

"நெஞ்செல்லாம் அழுகையா இருக்குதுங்க" என்றாள் குழந்தையம்மாள், பல் தெரிய. "இன்னிக்கு ஒரு நாளைக்கின்னு மூணு ஊரு நோம்பிக்குப் போய்க் கட்டுன பல்லுங்க. நீங்க கார் ஏறுங்க. நான் அப்புறமா ஊட்டுக்குப் போய் நிதானமா அழுதுக்கறனுங்க."