துண்டுக்கு என்ன வயது?

கம்பத்தில் நாங்கள் குடியிருந்த தெருமுனையில் ஒரு சினிமாத் தியேட்டர் இருந்தது. அதன் இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் கிர்ரென்று தொடங்கி டங்கென்று முடியும். 'வயது வந்தவர்களுக்கு மட்டும்' என்று சுவரொட்டியில் போட்ட படம் ஓடும் வாரங்களில் அந்தச் சத்தம் அடிக்கடி கேட்கும். கதவுக்காரர் யாரிடமும் பிறந்த தேதி கேட்டதில்லை. மேலுதட்டைப் பார்ப்பார், ஒன்று வழிவிடுவார், இல்லையென்றால் இழுத்துச் சாத்துவார். உள்ளே என்ன இருக்கிறது என்பதைவிட, அந்த மனிதர் எதை வைத்து முடிவு செய்கிறார் என்பதுதான் எனக்கு அப்போது பெரிய புதிராக இருந்தது.

விளையாட்டுக்கு வயது போடுவது இப்போது என் தொழில். இணையத்தில் விளையாட்டு விற்கும் ஒரு வெளிநாட்டுக் கடைக்கு, தமிழில் வரும் விளையாட்டுகளை முதலில் பார்த்துச் சொல்பவள் நான். எல்லோருக்கும் விற்கலாமா, பெரியவர்களுக்கு மட்டுமா, விற்கவே கூடாதா? 'உங்களுக்குப் பதினெட்டு ஆகிவிட்டதா' என்று கேட்கும் பெட்டியில் ஏதோ ஒரு வருடத்தைத் தட்டிவிட்டு உள்ளே போனவர்கள், போய் ஏமாந்தவர்கள் எல்லோரும் என் சொந்தக்காரர்கள்தான். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிப்புக்கேற்ற வேலை

மதுரையில் ஆங்கில இலக்கியம் படித்தேன். படித்த கையோடு போடியில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். படிப்புக்கு வேலை கிடைத்ததோ அறுபதைத் தாண்டி, கணவர் போய், தேனியில் தனியாக ஒரு வீட்டில் குக்கர் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தபோது. அந்த வெளிநாட்டுக் கடைக்கு இங்கே வேலை எடுத்துச் செய்பவன் ஜெயராஜ், அவன் அப்பா பஜாரில் பெயிண்ட் கடை வைத்திருந்தவர். இப்போதும் கீழே பெயிண்ட் டப்பாக்கள், மேலே மகனின் கம்ப்யூட்டர்கள். சுவருக்கு வெள்ளையடிக்க விலை கேட்கப் போனவளிடம் ஜெயராஜ் வேலை வேண்டுமா என்று கேட்டான். என்ன தகுதி என்று கேட்டேன்.

"இங்கிலீசும் தெரியணும், தமிழும் தெரியணும், எதப் பாத்தாலும் பதறக் கூடாது. எங்க சர்ச் சபையில அப்படி ஒரு ஆள் கிடைக்கல ஆன்ட்டி."

கல்லாப்பெட்டி யாருடையது

எது பெரியவர்களுக்கான விளையாட்டு என்பதைச் சட்டம் சொல்லும் என்றுதான் நினைத்திருந்தேன். சட்டம் கொஞ்சம் சொல்கிறது, அதுவும் நாட்டுக்கு ஒரு மாதிரி. மிச்சத்தைக் கடை சொல்கிறது. ஒரே விளையாட்டு ஒரு கடையில் முன்வாசலில் இருக்கும், இன்னொன்றில் பின்கட்டில் இருக்கும், மூன்றாவதில் பெயரைத் தட்டினால்கூட வராது. ஒரு கடை, சட்டத்துக்கு விரோதமில்லாத எதையும் விற்போம் என்கிறது. இன்னொன்று, எங்கள் கடைக்குக் குடும்பத்தோடு வருகிறார்கள் என்று கையைக் கட்டிக்கொள்கிறது.

நான் சேர்ந்த புதிதில், நன்றாக விற்றுக்கொண்டிருந்த சில விளையாட்டுகள் திடீரென்று காணாமல் போயின. யாரும் புகார் செய்யவில்லை, வழக்கில்லை, விதியும் மாறவில்லை. விசாரித்தால், வாங்குகிறவர்களின் பணத்தைக் கடைக்குக் கொண்டுவந்து சேர்க்கும் கிரெடிட் கார்டு கம்பெனிக்காரர்கள் முகம் சுளித்தார்களாம். அவர்களுக்கும் விளையாட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று ஜெயராஜிடம் கேட்டேன். அவன் வியாபாரி வீட்டுப் பிள்ளை, யோசிக்கவே இல்லை.

"கடை இவுகளுது, கல்லாப்பெட்டி அவுகளுது. யாரு பேச்சு எடுபடும்னு நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி."

எல்லாத்துக்கும் ஆமாம்

விளையாட்டு செய்கிறவர்களையே முதலில் சில கேள்விகள் கேட்பார்கள். அடிதடி உண்டா, குடி உண்டா, சூதாட்டம் உண்டா, ஆடையில்லாத காட்சி உண்டா? அவர்கள் சொல்வதை நம்பித்தான் பாதி வேலை நடக்கிறது. தியேட்டர்க்காரர் உன் வயதை நீயே சொல்லு என்று கேட்ட மாதிரி.

சின்னமனூரிலிருந்து ஒருவர் அனுப்பிய விளையாட்டில் எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றிருந்தது. விற்கவே கூடாதோ என்று பயந்துகொண்டே திறந்தேன். மேகமலைக்குப் போகிற மோசமான ரோட்டில் ஒரு பஸ்ஸைப் பள்ளத்தில் இறக்காமல் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான். வழியில் ஒரு காட்டுமாடு குறுக்கே வரும், ஹாரன் அடித்தால் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு மெதுவாகப் போகும். எல்லோரும் ஆடையோடு இருந்தார்கள், சிலர் ஸ்வெட்டரோடும் இருந்தார்கள். போனில் கூப்பிட்டு, ஏன் இப்படிப் போட்டீர்கள் என்று கேட்டேன்.

"எல்லாத்துக்கும் இல்ல இல்லன்னு போட்டா, இவன்கிட்ட ஒண்ணுமே இல்ல போலன்னு நினைச்சுருவாகல்ல ஆத்தா."

டீ குடிக்கப் போனவர்

நிஜமாகவே பெரியவர்களுக்கான விளையாட்டு ஒன்று வந்தது. செய்தவர்கள் கணவனும் மனைவியும், ஒளிக்காமல் சொல்லியிருந்தார்கள். ஜெயராஜ் என் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டான், சன்னலைச் சாத்தினான், மின்விசிறியைக் கூட்டினான், பிறகு நிறுத்தினான். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பார்க்க வேண்டியதைப் பார்த்தேன். கூடாதது எதுவும் இல்லை. வயது வந்த இருவர், இருவருக்கும் சம்மதம், பெரியவர்கள் அலமாரியில் தாராளமாக வைக்கலாம். வசனம்தான் மட்டம்.

ஆனால் ஓரிடத்தில் அந்த ஆண், "இன்னைக்கு ரொம்ப அலைச்சலா?" என்று கேட்கிறான். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருக்கிறான். அந்த இடத்தை மட்டும் நான் மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். வயது போடுவதற்கு அது தேவைப்படவில்லை. இப்படி ஒரு கேள்விக்கு என்ன வயது போடுவார்கள் என்று தெரிந்துகொள்ள ஜெயராஜைத் தேடினால், மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தான்.

"நீங்க பாத்து முடிங்க ஆன்ட்டி, நான் கீழ டீ குடிச்சிட்டு வந்துர்றேன். அவசரமில்ல, ரெண்டு டீ குடிச்சிட்டே வர்றேன்."

சந்தை

மகேஸ்வரி மயிலாடும்பாறைக்காரி. கல்லூரி முடித்து, வீட்டில் உட்கார்ந்து ஒரு விளையாட்டு செய்தாள். அவள் அப்பா பெருமாள் மாட்டுத் தரகர். சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வாயால் தொகை சொல்ல மாட்டார்கள். இருவர் கையையும் ஒரு துண்டு மூடியிருக்கும், உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள். இத்தனை விரல் என்றால் இவ்வளவு, மடக்கிப் பிடித்தால் அதில் பாதி. மகேஸ்வரியின் விளையாட்டில் திரையில் துண்டுதான் தெரியும். கையிலிருக்கும் போன் மெல்ல அதிரும். அந்த அதிர்வை வைத்து எத்தனை விரல் என்று கண்டுபிடித்து, பதிலுக்கு அழுத்த வேண்டும். நான் வெகுநேரம் விளையாடி, ஒரு கிடேரியை ஏமாந்து வாங்கினேன். 'எல்லோருக்கும்' என்று எழுதி அனுப்பினேன். துண்டைப் பற்றி ஒரு வரி எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. இந்தப் பக்கத்தில் பிறந்தவர் யாருக்குத் தோன்றும்?

கடையின் வெளிநாட்டுத் தலைமை அலுவலகத்திலிருந்து 'பெரியவர்களுக்கு மட்டும்' என்று திரும்பி வந்தது. காரணம் இரண்டே வரி. இரு ஆண்கள் நெருங்கி நிற்கிறார்கள், துணிக்கு அடியில் கைகள் அசைகின்றன, முகத்தில் உணர்ச்சி காட்டாமல் "இன்னும் கொஞ்சம்", "இது பத்தாது", "மனசு வையுங்க" என்று பேசிக்கொள்கிறார்கள்.

ஜெயராஜ் சிரித்துச் சிரித்து இருமினான். மகேஸ்வரி மறுநாள் காலை பஸ்ஸில் வந்து இறங்கியபோது அவனும் சிரிப்பை நிறுத்திவிட்டான். அவள் முகம் வீங்கியிருந்தது. ஒரு வருடம் கேட்டு வாங்கியிருக்கிறாள் அப்பாவிடம். இது சரியாக வந்தால் இதே வேலை, இல்லையென்றால் கம்ப்யூட்டரை மூடிவிட்டு மில்லுக்குப் போக வேண்டும்.

"எங்கப்பா சந்தை பூராம் சொல்லி வச்சிருக்காக மேடம். கடையில வந்த அன்னைக்கு எல்லாரும் போன்ல எடுத்துப் பாப்பாக. என் பேருக்குப் பக்கத்துல செவப்புல பதினெட்டுன்னு போட்டிருந்தா, என்னத்தச் செஞ்சிருக்கான்னு நினைப்பாக?"

வீடியோவில் ஒரு தரகு

தலைமை அலுவலகத்தில் எங்களைக் கவனிப்பவள் கத்ரீனா. நல்ல பெண், நிதானமானவள். அவளுக்கு நீளமாக ஒரு விளக்கம் எழுதினேன். நேரில் காட்ட முடியுமா என்று கேட்டாள். நமக்கு மத்தியானம், அவர்களுக்குக் காலை. மகேஸ்வரி அப்பாவைக் கூட்டிவந்தாள். வெளிநாட்டுக்காரர்கள் சந்தை முறையைப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தாள். பெருமாள் வெளுத்த வேட்டியும் புதுத் துண்டுமாக வந்திருந்தார்.

கேமரா முன் ஜெயராஜை நிறுத்தி, துண்டைப் போட்டு, கையைப் பிடித்தார். ஜெயராஜுக்கு முதலில் கூச்சம், பிறகு திகைப்பு, பிறகு அவனுக்குள்ளிருந்த பஜார்காரன் விழித்துக்கொண்டான். இல்லாத ஒரு காளைக்கு இருவரும் மும்முரமாகப் பேரம் பேசினார்கள். கத்ரீனா முகத்தைத் திரைக்கு மிக அருகில் கொண்டுவந்து பார்த்தாள். பேரம் முடிந்தது, பெருமாள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மிகவும் அழகாக இருக்கிறது. ஆனால் துணிக்கு அடியில் என்ன நடந்தது என்று எனக்கு இப்போதும் தெரியவில்லையே," என்றாள் கத்ரீனா.

மாடு வாங்குகிறவர்

அவளுடைய கடையின் விதி அப்படி. மறைவில் நடப்பதைப் பார்க்கிறவர் என்னவென்று நினைத்துக்கொள்வார் என்பதற்குத்தான் வயது போட வேண்டும். துணியை எடுத்துவிட்டு விரல்கள் தெரியும்படி செய்தால், உடனே 'எல்லோருக்கும்' என்று மாற்றித் தருகிறேன் என்றாள். எங்களுக்கு நல்லதுதான் செய்ய நினைத்தாள். நான் மகேஸ்வரிக்குத் தமிழில் சொன்னேன். அவள் தரையைப் பார்த்தபடி, "எடுத்துருவோம் மேடம்," என்றாள்.

"எதை எடுக்கணும்?" என்றார் பெருமாள்.

ஜெயராஜ் வாசலைப் பார்த்தான். அவன் டீ குடிக்கப் போய்விடுவதற்குள் நானே சொல்லிவிட்டேன். அவர்கள் எதை நினைத்துச் சந்தேகப்படுகிறார்கள், எந்த அலமாரி, மகள் பெயருக்குப் பக்கத்தில் என்ன எண் வரும், எல்லாவற்றையும். இலக்கியம் படித்தவளுக்கு இதையெல்லாம் சுற்றி வளைத்துச் சொல்லத் தெரியும். அன்றைக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. மகேஸ்வரி கைப்பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள்.

பெருமாள் தோளிலிருந்து துண்டை எடுத்து மடியில் வைத்து நீவினார். "வீட்ல ஆஸ்பத்திரிச் செலவு, மக கல்யாணம்னு வந்து, வித்தாப் போதும்னு கொறச்சுக் குடுக்குறவன் இருப்பான்," என்றார் என்னிடம். "அவன் எம்புட்டுக்கு எறங்குனான்னு பக்கத்துல நிக்கிறவனுக்குத் தெரியலாமா? அவனுக்காகத்தான் துண்டு. அந்தம்மாட்ட இதச் சொல்லுங்க." சொன்னேன். கத்ரீனா கண் கலங்கினாள் என்று எழுத ஆசைதான். அவள் குறித்துக்கொண்டாள், விதியை மாற்றும் இடத்தில் தான் இல்லை என்றாள். நாங்கள் முடிவு சொல்லக் காத்திருந்தாள்.

மகேஸ்வரி மறுபடியும், "எடுத்துருவோம்ப்பா, இல்லேன்னா சந்தையில உங்கள..." என்று தொடங்கினாள். பெருமாள் எழுந்து துண்டைத் தோளில் போட்டார்.

"துண்டு இருக்கட்டும். பெரியவுக அலமாரியிலயே வைக்கச் சொல்லு பாப்பா. மாடு வாங்க வர்றவன் என்ன பால்குடிப் புள்ளையா?"

அலமாரியில்

அப்படியே வந்தது. செவப்பில் பதினெட்டு, பக்கத்தில் மகேஸ்வரி பெயர். முதல் வாரம் சந்தையில் கேலி நடந்திருக்கிறது. யார் கேட்டாலும் பெருமாள் போனை அவர்கள் கையில் கொடுத்து, விளையாடிவிட்டுப் பேசு என்று சொன்னாராம். பாதிப்பேர் மாட்டை விட்டுவிட்டுத் தோற்றார்களாம். பல நாடுகளில் விளையாட்டு தேடினால் கிடைக்காது, கடையின் முகப்பில் ஒருநாளும் வராது. வேறு எதையோ எதிர்பார்த்து வந்தவர்கள்தான் அதிகம் வாங்கினார்கள். அவர்களில் முகம் தெரியாத ஒருவர் கடையில் எழுதிவைத்த கருத்தை ஜெயராஜ் எனக்கு வாசித்துக் காட்டினான்.

"கடைசிவரை விளையாடினேன், ஒருவரும் துணியை விலக்கவில்லை, இப்போது என்னிடம் நான்கு காளைகள் இருக்கின்றன, அடுத்து என்ன செய்ய?"

மகேஸ்வரி மில்லுக்குப் போகவில்லை; இப்போது எங்கள் அலுவலகத்தில் எனக்கு எதிர்மேசையில் உட்கார்ந்து மற்றவர்களின் விளையாட்டுகளுக்கு வயது போடுகிறாள், எனக்குத் தெரிந்து இதுவரை ஒருவரையும் எதையும் எடுக்கச் சொன்னதில்லை.