ஏழு பேரும் சரி என்றார்கள்

ரோசலிண்ட் டூடெக்கை ஒருமுறை சீண்டியவர்கள் மறுமுறை சீண்டியதில்லை. பக்கத்து வீட்டு மனிதர் ஒருவர் தன் வாசல் பனியை இயந்திரத்தால் ஊதி இவள் வாசலில் தள்ளிக்கொண்டே இருந்தார். இவள் வாயே திறக்கவில்லை. அவர் குடும்பத்தோடு புளோரிடாவுக்கு வெயில் காயப் போன வாரம் பார்த்து, இரண்டு வாசல் பனியையும் அள்ளி அவருடைய கார் கொட்டகைக் கதவோடு சேர்த்துக் குவித்து, மேலே நாலு வாளித் தண்ணீரையும் ஊற்றிவிட்டாள். பஃபலோ குளிருக்கு அது ஒரே இரவில் பாறையாகிவிட்டது. திரும்பி வந்தவர் கடப்பாரை தேடி அலைந்ததை எங்கள் தெருவே திரைச்சீலை விலக்கிப் பார்த்துச் சிரித்தது.

கோபம் வந்தால் கத்துகிறவர்களைக் கண்டு எனக்குப் பயமில்லை. நாங்கள் ராஸ் என்று கூப்பிடும் இவள் கத்தமாட்டாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். பின்னால் நாற்பது பிள்ளைகள் கூச்சல் போட, முன்கண்ணாடியில் பனி அறைய, ஒரு கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் காப்பி குடிக்கிறவள். கணவன் பிரிந்து போனபோதுகூட அவனுடைய மீன்தூண்டில்களை எல்லாம் அவனுக்கு ஆகாத அவன் தம்பிக்கே சும்மா கொடுத்துவிட்டு, ஆறு மணி வண்டிக்குப் போய்விட்டாள். அவளுக்கு உலகத்தில் உருகத் தெரிந்த இடம் ஒன்றே ஒன்றுதான். தீயணைப்புக் கூடத்தில் எங்கள் ஊர் அணிக்கான நாற்காலி.

ஈஸ்டருக்கு முன் இறைச்சி ஒதுக்கும் தவக்கால வெள்ளிக்கிழமைகளில் எங்கள் தீயணைப்புக் கூடத்தில் மீன் பொரிப்பார்கள். பொரித்த மீன், கோஸ் கூட்டு, ரை தானிய ரொட்டி, பீர். பந்தைக் கையால் எறிந்து ஆடுகிற எங்கள் அமெரிக்கக் கால்பந்துப் பருவம் முடிந்து ஊரே சூம்பிக் கிடக்கிற காலம் அது. அந்தச் சலிப்புக்கு மருந்தாக ஆரம்பித்ததுதான் இந்தப் பொய் ஏலம். முப்பத்திரண்டு மடக்கு நாற்காலி, ஒவ்வொன்றிலும் ஓர் அணியின் கொடி. உட்காருகிறவர்தான் அந்த அணிக்கு மேலாளர். ஒப்பந்தம் முடிந்து கட்டில்லாமல் நிற்கும் ஆட்டக்காரர்களைக் காகிதப் பணத்தில் ஏலம் கேட்க வேண்டும். கேட்பு மூடிய உறையில். உறையைப் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. ஆட்டக்காரர்களுக்காக ஒரு முகவர் உண்டு. ஒரு வாரம் உறைகளை வைத்துப் பார்த்து, அடுத்த வெள்ளி 'சரி', 'இல்லை' என்று பதில் சொல்வது அந்த முகவர்தான். எட்டு மணிக்கு மணி அடிக்கும்போது ஓர் அணி தன் ஆட்டக்காரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பள வரம்பைத் தாண்டியிருக்கிறவர் எழுந்துவிட வேண்டும். கூடம் கைதூக்கி வேறு ஆளை உட்கார வைக்கும்; பழைய ஆட்டக்காரர்களின் பெயரை அடித்து அணியை வரம்புக்குள் கொண்டுவரும் உரிமை அந்தப் புது ஆளுக்கு மட்டும்தான். ஒரு காசு கைமாறாது. ஆனால் நிஜப் பணம் புழங்கும் இடத்தில்கூட இவ்வளவு பகையை நான் பார்த்ததில்லை.

எங்கள் ஊர் நாற்காலி தொடக்கத்திலிருந்தே ராஸுடையது. நாலு வருஷத்துக்கு முன் வின்ஸ் டார்க்வினி எழுந்து நின்று, மயாமி நாற்காலியின் உறையில் இருந்த தொகை முன்கூட்டியே வெளியே போய்விட்டது, சொன்னது ராஸ்தான் என்றான். வீட்டுக்கு வீடு, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் உலை விற்கிறவன் வின்ஸ்; நடுக்கோடையிலும் ஆளுக்கொரு உலை தலையில் கட்டிவிடுகிற நாக்கு. அவன் பேசப் பேசக் கூடம் தலையாட்டியது. ராஸ் "நான் சொல்லல" என்று இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்ல அவள் மானம் இடம் கொடுக்கவில்லை. அன்றைக்கே நாற்காலி வின்ஸுக்குப் போனது. போதாததற்கு, "ராஸ் பிள்ளைங்கள ஏத்தி எறக்கறவதானே? ஆட்டக்காரங்களையும் அவளே ஏத்தி எறக்கட்டும்!" என்று யாருக்கும் வேண்டாத முகவர் வேலையை அவள் தலையில் கட்டினான். எல்லாரும் சிரித்தார்கள். வெட்கக்கேடு, நானும் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பு அவளைத் தின்றது. கடையில் ரொட்டி வாங்கப் போனால்கூட, "தொகை என்னன்னு சொல்லிடாதம்மா!" என்று கல்லாக்காரன் கேலி செய்வான். பிறகு மயாமி நாற்காலிக்காரர் கரோலினாவுக்குக் குடிபோகும் முன் ஒருநாள் இவள் பேருந்தை மறித்து, தன் தொகையைத் தன்னிடமிருந்து பீர் வாங்கிக்கொடுத்துக் கறந்ததும் வெளியே சொன்னதும் வின்ஸ்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். சாட்சி இல்லை. ராஸ் யாரிடமும் வாய் திறக்கவில்லை. மூன்று வருஷம் முகவர் வேலையை ஒழுங்காகச் செய்தாள். அவளுக்கு வேண்டியது இரண்டுதான்: அந்த நாற்காலி, அப்புறம் வின்ஸ் வாயாலேயே உண்மை. பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். ராஸ் பூமி ஆளப் பொறுக்கவில்லை, கடிக்கப் பொறுத்தாள்.

முகவராக அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். எல்லா நாற்காலிகளும் தாங்க முடிந்ததற்கு மேலேயே ஏலம் கேட்பார்கள். பத்துப் பேருக்குக் கேட்டால் மூன்று பேர்தானே வரப்போகிறார்கள் என்கிற துணிச்சல். அதனால் 'சரி' சொல்லும் முன் ராஸ் அந்த நாற்காலிக்கு நடந்துபோய், குனிந்து, "இடம் இருக்கா?" என்று கேட்பாள். இல்லையென்றால் அடுத்த உறைக்குப் போய்விடுவாள். விதியில் அது எங்கேயும் கிடையாது. ஆனால் அந்த ஒரு கேள்வியால்தான் இத்தனை வருஷமும் ஒருவர்கூட வரம்பு தாண்டி எழவில்லை.

இந்த வருஷம் உறைகள் விழுந்த வெள்ளிக்கு மறுநாள், டென்வர் நாற்காலியில் உட்காருகிற ஜனீன் ராஸ் வீட்டுக்கு ஓடிவந்தாள்.

"ராஸ், அவன் உனக்குக் குழி வெட்டறான்டி."

"யாரு, வின்ஸா? அவன் எப்ப வெட்டாம இருந்தான்?"

"கேளு. பெரிய ஆட்டக்காரங்க ஏழு பேருக்கும் அவன்தான் ஒசத்தியா கேட்டிருக்கான். நீ வஞ்சம் வெச்சு ஏழு பேருக்கும் இல்லன்னு சொல்லுவியாம். அப்பறம் எல்லா உறையையும் நடுக்கூடத்துல பிரிச்சுக் காட்டி, 'பாருங்க, ஒசத்தியாக் கேட்டவனுக்குக் குடுக்கல'ன்னு உன்னக் கூடத்த விட்டே தொரத்தப் போறானாம். பீரக் குடிச்சிட்டு அவனே பீத்திக்கிட்டான்."

ராஸ் காப்பியை ஊற்றிக் கொடுத்தாள். ஜனீன் சொன்னது அவளைச் சுட்டது. ஏனென்றால் அவன் கணக்குச் சரி. அந்த 'இல்லை'யைத்தான் அவள் பல வாரமாக ருசித்துக்கொண்டிருந்தாள். அவன் கேட்கும் ஒவ்வோர் ஆளுக்கும், கூடம் அதிர, அவன் முகத்தைப் பார்த்து 'இல்லை' சொல்ல வேண்டும் என்று பேருந்துக் கண்ணாடியில் சொல்லிப் பார்த்தும் வைத்திருந்தாள். தன் வன்மத்தையே அவன் தூண்டில் புழுவாகக் கோத்திருக்கிறான் என்று தெரிந்தபோது, அவளுக்கு அவன்மேல் வந்ததைவிடத் தன்மேல்தான் அதிகக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை, பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்ட வெற்றுப் பேருந்திலேயே உறைகளைப் பிரித்தாள். ஜனீன் சொன்னது சரி. ஏழு ஆட்டக்காரர்களுக்கும் வின்ஸ் கேட்டதுதான் உச்சம். மற்றவர்கள் கிட்டவே வரவில்லை. அவர்களில் ஒருவனுக்கு இரண்டு முழங்காலும் போய்விட்டன. இன்னொருவன் போன வருஷம் பந்தைப் பிடித்ததைவிட நழுவவிட்டதே அதிகம். கிடைக்காது என்று தெரிந்தவனுக்குக் கை தாராளம். ஏழு தொகையையும் கூட்டினாள். நம்பாமல் மறுபடியும் கூட்டினாள். பிறகு அந்த வெற்றுப் பேருந்தில் தனியாக உட்கார்ந்து, சக்கரத்தில் நெற்றியை முட்டி முட்டிச் சிரித்தாள்.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. செய்தி பரவியிருந்ததால் சும்மா மீன் தின்ன வந்தவர்கள்கூட எழுந்து போகவில்லை. நடுவர் ஹௌவி க்ளின்ஸ்கி, ஓய்வுபெற்ற தபால்காரர், மேடையில் மணியோடு உட்கார்ந்திருந்தார். வின்ஸ் காலை அகட்டி உட்கார்ந்து, பேச வேண்டியதைப் பையில் மடித்து வைத்திருந்தான்.

ராஸ் முதல் பெயரை வாசித்தாள். வின்ஸின் நாற்காலிக்கு நடக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே, "நம்ம ஊரு. சரி" என்றாள்.

வின்ஸ் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் கைதட்டினான். இரண்டாவது பெயர். "நம்ம ஊரு. சரி." மூன்றாவதற்கும் சரி. நான்காவதில் ஜனீனுக்குப் புரிந்துவிட்டது. வாயிலிருந்த பீர் மூக்கில் ஏறியது. ஐந்தாவதில் வின்ஸ் எழுந்துவிட்டான்.

"ஏய், நில்லு! இடம் இருக்கான்னு கேக்கல நீ!"

"கேக்கல."

"எல்லார்கிட்டயும் கேப்பியே!"

"அது மரியாதை, வின்ஸ். குடுத்தாத்தான் கெடைக்கும்."

"ஹௌவி! என்னய்யா இது, பாத்துக்கிட்டு இருக்கீரு?"

ஹௌவி மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். "கேக்கணும்னு எங்கயும் எழுதல. கேட்டது ஒசத்தித் தொகை, குடுத்தாச்சு. இதுல நான் என்ன சொல்ல? உக்காரு."

ஆறும் ஏழும் வந்தன. சரி, சரி. முழங்கால் போனவனும் வந்து சேர்ந்தான். வரம்பு எங்கேயோ பின்னால் நின்றுவிட்டது. மணி அடிக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். அதற்குள் முகவர் மனது வைத்தால் சொன்ன 'சரி'யைத் திரும்ப எடுக்கலாம். அது விதியில் இருந்தது. வின்ஸுக்கும் அது தெரியும். அகட்டி உட்கார்ந்தவன் இப்போது இரண்டு மேசைகளைச் சுற்றிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"ராஸ், ரெண்டு பேர விடு. ரெண்டே பேரு. நான் பொழச்சுக்குவேன்."

"மயாமி தொகைய யாரு வெளிய சொன்னது?"

"இப்ப எதுக்கு அது?"

"எனக்குத் தெரியணும். சத்தமாச் சொல்லு. பொரிக்கிற எடத்துல காது கேக்காதவங்க இருக்காங்க."

வின்ஸ் மணியைப் பார்த்தான், ஹௌவியைப் பார்த்தான், தன் நாற்காலியைப் பார்த்தான். முகம் வேகவைத்த பீட்ரூட்டாய்ச் சிவந்தது.

"நான்தான்" என்றான். யாரோ "கேக்கல!" என்று கத்தினார்கள். "நான்தான்யா! நான்தான் சொன்னேன், ராஸ் இல்ல! போதுமா?"

ராஸ் கண்ணை மூடிக்கொண்டாள். நாலு வருஷமாக நெஞ்சில் குறுக்கே கிடந்த எலும்பு இறங்கியது. அவளுக்கு அழுகை வரவில்லை. பரம சுகமாக இருந்தது, அதை அவள் மறைக்கவும் இல்லை.

"இப்ப விடு, ராஸ். சொல்லிட்டேன்ல."

"கேட்டேன், சொன்ன. விடறேன்னு நான் எப்ப சொன்னேன்? அந்த ரெண்டு பேரும் உன்கிட்டயே இருக்கணும்னு ஆசப்படறாங்க, வின்ஸ். நான் வெறும் முகவர்."

ஹௌவி மணியை அடித்தார். சிரிப்பில் அது யாருக்கும் கேட்கவில்லை.

கைகள் உயர்ந்தன. வேறு பெயரை யாரும் சொல்லக்கூட இல்லை. நானும் இரண்டு கையையும் தூக்கினேன். ஆனால் ஹௌவி அவளைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அம்மா, யோசிச்சுக்க. ஒப்பந்தம் ஆளோட போகாது, நாற்காலியோடதான் இருக்கும். நீ சரின்னு சொன்ன ஏழும் உன் தலைலதான் விடியும். மிச்ச ஆட்டக்காரங்கள்ல பாதிப் பேர வெட்டணும். மூணு நாலு வருசத்துக்கு நீ எந்திரிக்கவே முடியாது."

"பேருந்துல கூட்டிப் பாத்தப்பவே தெரியும், ஹௌவி."

போய் உட்கார்ந்தாள். உடனே வரம்புக்குள் வர வேண்டும், பெயர்களை அடிக்க வேண்டும். மணி அடித்துவிட்டதால் அந்த ஏழு பேரைத் தொட முடியாது. முதலில் அடிபட்டது, இந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்த கடைசி வருஷம் யாருக்கும் தெரியாத ஒரு கல்லூரியில் தேடிப்பிடித்து எடுத்த பையன். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்த அணியில் மிச்சமிருந்த ஒரே நல்ல வீச்சுக்காரன். பேனா அவன் பெயரில் கொஞ்ச நேரம் நின்றது. உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அடித்த பையனை டென்வருக்கு எடுத்துக்கொள்ளலாமா என்று ஜனீன் தயங்கிக் கை தூக்கினாள். "எடுத்துக்கோ. நல்லாப் பாத்துக்க" என்றாள் ராஸ்.

வாசலில் கோட்டை மாட்டிக்கொண்டிருந்த வின்ஸ் இதைப் பார்த்தான். அவனுக்கு அதுவரை இல்லாத தெம்பு வந்தது.

"நல்லாப் பழிவாங்குன, போ! உன் டீம நீயே கொன்னுட்டியே!"

ராஸ் தலை நிமிராமல் அடுத்த பெயரை அடித்தாள்.

"ஆமா, கொன்னுட்டேன். கொன்னாலும் இது என் டீமு, வின்ஸ். கதவச் சாத்திட்டுப் போ. குளிர் உள்ள வருது."

அவன் சாத்தாமல் போனான். ஜனீன்தான் எழுந்துபோய்ச் சாத்தினாள்.