மணி டீச்சருக்குப் பொன்னாடை

கிள்ளான் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளில் பேச்சுப்போட்டி என்றால் முப்பது வருஷமாக மணி அடித்தவர் சீதாலெட்சுமி டீச்சர்தான். நாலாம் நிமிடம் ஒரு தடவை, ஐந்தாம் நிமிடம் இரண்டு தடவை. அதற்கு மேல் வாய் திறந்தால் புள்ளி போச்சு. சொந்த மகனையே "நன்றி, வணக்கம்" சொல்ல விடாமல் உட்கார வைத்தவர். "டீச்சர் ஓரவஞ்சனை பார்க்க மாட்டாங்க" என்ற பேர்தான் ஓய்வுக்குப் பிறகும் அவருக்கு மிச்சம்.

அந்தப் பேரை நம்பித்தான் பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு தொலைக்காட்சி நிலையத்தார் தேர்தல் விவாதத்துக்கு அவரை மணியோடு கூப்பிட்டார்கள். ஒரு பக்கம் இரண்டு தவணையாக நாடாளுமன்ற உறுப்பினராக இருக்கும் தம்புசாமி, ஊரே ஒய்.பி., மாண்புமிகு என்று குழைகிற ஆள். எதிரே முதல் முறையாக நிற்கும் பெண் வழக்கறிஞர் ரமணி.

ரமணி வெள்ளத்தைப் பற்றி, எந்தத் தாமான் குடியிருப்பில் எந்த லோங்காங் சாக்கடை எத்தனை மாதமாக அடைத்துக் கிடக்கிறது என்று விவரமாகப் பேசினார். தம்புசாமி ஐயா என்ன செய்தார்? கேமராவைப் பார்த்துச் சிரித்தார், தலையை ஆட்டினார், கொட்டாவி விட்டார். தன் முறை வந்ததும் மேசையைத் தட்டி விரலை நீட்டினார். "தங்கச்சி, கோர்ட் வேற, அரசியல் வேற லா!" சாக்கடையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வெறும் தொண்டை. இடையில் ரமணி ஒரே ஒரு தடவை குரலை உயர்த்தினார். "கோபப்படாதீங்க மேடம்" என்றான் நிகழ்ச்சி நடத்துநர் கால்வின்.

ஒய்.பி.க்கு ஐந்து நிமிடம் ஆனது. டீச்சரின் கை மணிக்குப் போனது. கால்வின் மைக்கை மூடிக்கொண்டு, "வேணாம் டீச்சர், ஒய்.பி. நல்லா பேசிக்கிட்டு இருக்காரு" என்று கிசுகிசுத்தான். டீச்சர் கையை எடுத்துவிட்டார். எட்டு வயதுப் பிள்ளைகளிடம் காட்டிய வீரமெல்லாம் ஒரு கோட்டு சூட்டுக்கு முன்னால் காணாமல் போனது. ஏழு நிமிடம் முழங்கினார் அந்த மனிதர்.

டீச்சருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசிச் சுற்றில் ரமணிக்கு மணியே அடிப்பதில்லை, அந்த இரண்டு நிமிடத்தை அவளும் எடுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார்.

ஐந்தாம் நிமிடம் வந்தது. டீச்சர் அசையவில்லை. ரமணி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் நிறுத்தி, "நேரம் முடிஞ்சிருச்சு, மன்னிக்கணும்" என்று உட்கார்ந்துகொண்டார். பேசும்மா, பேசு என்று கத்த டீச்சருக்கு வாய் வரவில்லை. அந்த இடைவெளியிலும் தம்புசாமி புகுந்து பேசினார்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஒய்.பி.யே வந்து டீச்சருக்குப் பொன்னாடை போர்த்தினார். "டீச்சர் ரொம்ப நியாயமா நேரம் பார்த்தாங்க" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ரமணியும் தட்டினார்.