கழுகு பார்த்த மைதானங்கள்

விமான நிலையத்தில் சும்மா கொடுக்கும் வண்ணப் புத்தகத்தில், இந்த நகரத்தில் வருடத்துக்கு முந்நூறு நாள் வெயில் அடிக்கும் என்றும், நகரத்தைச் சுற்றி ஆடியே தீர வேண்டிய கோல்ஃப் மைதானங்கள் ஐந்து இருக்கின்றன என்றும் போட்டிருக்கிறது. இரண்டும் உண்மை. முதல் உண்மை, இரண்டாவது உண்மையில் வேலை பார்க்கும் ஒருவருடைய கண்ணைத் தின்றுவிட்டது என்று மட்டும் போடவில்லை. விளம்பரம் என்றால் எல்லாவற்றுக்கும் இடம் இருக்காதுதான்.

அவரை மைதானத்தில் கழுகு என்பார்கள். ஆடுகிறவர் அடித்த பந்து எங்கே போய் விழுகிறது என்று அண்ணாந்து பார்த்து, புதரோ பள்ளமோ, நடந்து போய் அதன் பக்கத்தில் நிற்பது அவர் வேலை. இருபத்தாறு வருடம் வெயிலுக்கு முகத்தைக் கொடுத்து வானத்தையே பார்த்தார். வானமும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது போலும். விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிட்டது, போனது போனதுதான், கண்ணாடியாலும் கத்தியாலும் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். ஓரங்கள் மட்டும் பிழைத்திருந்தன. அதனால் கழுகு எதிலும் முட்டிக்கொள்ளாமல் நடப்பார். அவருக்கு எல்லாம் தெரியும், எதைப் பார்க்கிறாரோ அதைத் தவிர. பார்க்கிற இடத்தில் எப்போதும் ஒரு சாம்பல் கறை நிற்கும்.

விஷயம் அவர் மனைவிக்கு மட்டும்தான் தெரியும். அந்த அம்மாள் அதே கிளப்பின் சலவை அறையில் துண்டு மடிக்கிறவர். வெளியே தெரிந்தால் வேலை போகும். வேலையோடு, கிளப் கொடுத்திருக்கும் ஒன்றரை அறை வீடும் போகும். ஆகவே வாயைத் திறக்கவில்லை. திறக்காமலே மூன்று வருடம் ஓட்டியாயிற்று.

எப்படி ஓட்டினார் என்பதுதான் வேடிக்கை. சொந்த மைதானத்தின் மேடு பள்ளம் அவருக்கு உள்ளங்கை ரேகை. மட்டையில் பந்து படும் சத்தம் பாதி சொல்லிவிடும். அடித்தவரின் வசவு மீதியைச் சொல்லிவிடும். வசவு குட்டையாக இருந்தால் மரத்தடி, நீண்டுகொண்டே போனால் தண்ணீர். ஒன்றுமே பேசவில்லை என்றால் பந்து நல்ல இடத்தில் இருக்கிறது. இப்படிக் கண்ணை இழந்த பிறகுதான் அவருடைய கண்ணுக்குப் பேர் வந்தது.

அந்தப் பேர்தான் கழுத்தைப் பிடித்தது. வெளியூரிலிருந்து டைல்ஸ் முதலாளி ஒருவர், இரண்டு நண்பர்களோடும் அந்த வண்ணப் புத்தகத்தோடும் வந்து இறங்கினார். ஐந்து மைதானத்தையும் ஐந்தே நாளில் ஆடி முடிப்பது என்று சபதம். முதல் நாள் கழுகின் மைதானம். தொலைந்தே போயிற்று என்று கைவிட்ட நான்கு பந்துகளைக் கழுகு நேரே போய் மிதிக்காத குறையாக எடுத்துக் கொடுத்தார். முதலாளி சொக்கிப்போனார். மிச்ச நான்கு மைதானத்துக்கும் இந்த ஆள்தான் கூட வர வேண்டும் என்று மேற்பார்வையாளரிடம் கேட்டார்.

மேற்பார்வையாளருக்குப் பெருமை தாங்கவில்லை. கழுகு முதுகு வலி என்று சொல்லிப் பார்த்தார், வீட்டில் ஆள் இல்லை என்று பார்த்தார்.

"முதுகால என்ன பந்தையா பார்க்கப் போறீங்க? கண்ணு நல்லாத்தானே இருக்கு?" என்றார் மேற்பார்வையாளர்.

அதற்கு மேல் மறுக்க முடியுமா? சொந்த வீட்டில் ராஜாவாக இருந்தவரை ஊர்வலம் கூட்டிப்போகிறேன் என்கிறார்கள். ராஜாவுக்கு வாசலைத் தாண்டினால் வழி தெரியாது.

மனைவியின் தம்பி, புல் வெட்டும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்ப்பவன். அந்த நான்கு மைதானத்திலும் வண்டி ஓட்டிப் புல் வெட்டியவன். சாயங்காலம் அவனைப் போனில் பிடித்து, ஒவ்வொரு குழிக்கும் போகிற வழியில் எந்தப் பக்கம் மரம், எந்தப் பக்கம் பள்ளம் என்று ஒப்பிக்கச் சொன்னார்.

"என்ன மாமா, இந்த வயசுல பரீட்சையா? எதுக்கு இவ்வளவு?"

"பெரிய மனுஷங்க வர்றாங்க மாப்ள. தெரிஞ்சு வச்சுக்கிட்டா மரியாதை."

புத்தகம் தன் தரவரிசையில் கடலோர மைதானத்தைத்தான் முதலில் வைத்திருந்தது. மச்சினனோ, அங்கே உப்புக் காற்றில் வண்டி துருப்பிடிக்கிறது என்று தன் தரவரிசையில் அதைக் கடைசியில் தள்ளினான். மைதானத்துக்குப் பதினெட்டுக் குழியாக, அன்று, அடுத்த இரண்டு நாளுக்கு வேண்டிய இரண்டு மைதானத்தை ஒப்பித்தான். கழுகு முப்பத்தாறையும் வாய்க்குள் உருப்போட்டார். மனைவி குறுக்குக் கேள்வி கேட்டார். தப்பாகச் சொன்னால் மடித்த துண்டை மறுபடி உதறி மடித்தார்.

இரண்டாவது மைதானத்தில் எல்லாம் சொன்னபடி இருந்தது. மூன்று பந்து தொலைந்தது, மூன்றும் கிடைத்தது. முதலாளி தோளில் தட்டினார். அன்று ராத்திரி கழுகு அடுத்த பதினெட்டையும் மறுபடி உருப்போட்டார். ஜெயித்தவனுக்குத்தான் அடுத்த நாள் பயம் அதிகம்.

மூன்றாவது, அந்தக் கடலோர மைதானம். அடிப்பதற்கு முன் முதலாளி தன் பந்தில் அச்சடித்திருப்பது மூன்றாம் நம்பர் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தார். முதல் குழியில் இரண்டு பெரிய மரம் இருக்கும் என்று மச்சினன் சொல்லியிருந்தான். கழுகுக்கு மரம் தென்படவில்லை. ஆனால் தென்படவில்லை என்பதெல்லாம் அவர் விஷயத்தில் ஓர் ஆதாரமா? நடந்தார். முதல் மூன்று குழியிலும் யாரும் பந்தைத் தொலைக்கவில்லை. தொலைத்திருந்தால் அப்போதே விழித்துக்கொண்டிருப்பார்.

நான்காவது குழியில் முதலாளி ஓங்கி அடித்தார். சத்தம் தடித்து வந்தது. பந்து வலப்பக்கம் போயிருக்க வேண்டும். வசவை வைத்துத் தூரம் பார்க்கலாம் என்றால் கடல் காற்று வசவைக் கொண்டுபோய்விட்டது. "நாலு: வலப்பக்கம் புல் பள்ளம், எல்லாப் பந்தும் அங்கதான் உருளும்" என்பது மச்சினன் பாடம். கழுகு கையை நீட்டிக் காட்டிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். பச்சையாகத்தான் இருந்தது. பச்சைக்குள் கால் வைத்தார். முழங்கால் வரை இறங்கியது.

பாசி மூடிய குளம்.

திரும்பி ஓடினால் கதை முடிந்தது. ஆகவே வேண்டுமென்றே இறங்கியவர் போல இன்னும் இரண்டடி போய், குனிந்து, சேற்றைத் துழாவினார். இருபத்தாறு வருட உத்தியோகமும் ஒன்றரை அறை வீடும் அப்போது அவருடைய பத்து விரலில் இருந்தன. ஒரு பந்து அகப்பட்டது. உலகத்தில் எந்தக் குளத்தில் துழாவினாலும் ஏதாவது ஒரு பந்து கிடைக்கும். அது யாருடையது என்பதுதான் கேள்வி.

முதலாளி கரையில் வந்து நின்றார். நண்பர்கள் தூரத்தில் இருந்தார்கள்.

"நம்பர் என்னன்னு பாருங்க."

கழுகு பந்தை முகத்துக்கு நேரே பிடித்தார். கறையைப் பார்த்தார்.

"மூணு," என்றார்.

முதலாளி வாங்கித் துணியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு நேரம் துடைக்க அதில் சேறு இல்லை. பிறகு நண்பர்கள் பக்கம் திரும்பி, "மூணுதான், கிடைச்சிடுச்சு," என்று குரல் கொடுத்தார். கரையில் வைத்து அந்தப் பந்தையே அடித்தார்.

ஆட்டம் முடிந்ததும் அதைக் கழுகின் சட்டைப் பையில் போட்டு, "நாளைக்கு ஆறு மணிக்கு வண்டி வரும்," என்றார். அவ்வளவுதான் பேச்சு.

வீட்டில் பந்தை மனைவியிடம் கொடுத்து நம்பரைப் படிக்கச் சொன்னார். அவர் ஜன்னல் பக்கம் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நம்பரே இல்லைங்க. சுத்தி ஒரு செவப்புக் கோடு. புதுசா பழக வர்றவங்க அடிக்கிற பந்து இது."

கழுகு பந்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

"அப்ப அவருக்குத் தெரிஞ்சிடுச்சு."

"தெரிஞ்சும் ஏன் கூப்பிடுறாரு? முகம் எப்படி இருந்துச்சு?"

அதுதான் தெரியவில்லை. இரக்கமாக இருக்கலாம். தண்ணீரில் போட்ட பந்துக்கு ஆட்டக் கணக்கில் ஓர் அடி கூடும் தண்டனையிலிருந்து தப்பிக்கிற சாமர்த்தியமாக இருக்கலாம். நாளைக்கு நண்பர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம் என்று எடுத்து வைத்த வேடிக்கையாகவும் இருக்கலாம். எது என்பது முகத்தில் எழுதியிருந்திருக்கும். கழுகு அந்த முகத்தைத்தான் நேருக்கு நேர் பார்த்தார், அதனால்தான் தெரியவில்லை.

மச்சினனைக் கூப்பிட்டு, நான்காவது குழிக்கு வலப்பக்கம் குளம் இருக்கிறதே என்றார்.

"அது பதினஞ்சாவது மாமா," என்றான் அவன். பிறகு கொஞ்சம் யோசித்து, "அடடா. அங்க நாங்க புல் வெட்டுற வண்டி எடுக்கிற ஷெட்டு கடைசிக் குழி பக்கத்துல. நான் அங்கேருந்துதானே வெட்டிக்கிட்டு வருவேன்? என்னோட ஒண்ணு உங்களோட பதினெட்டு. என்னோட வலது உங்களோட இடது," என்று சிரித்தான். "அவ்வளவு பெரிய குளம் கண்ணுக்குத் தெரியலையா மாமா?"

இந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. மனைவி கையிலிருந்த துண்டை உதறி, முதலிலிருந்து மடிக்கத் தொடங்கினார்.

போகாமல் இருந்தால் மேற்பார்வையாளர் ஏன் என்பார். போனால் முதலாளி இருக்கிறார். கழுகு பந்தை மேசையில் வைத்தார். அது உருண்டு எங்கோ விழுந்தது. சத்தத்தை வைத்துக் கட்டில் காலடியிலிருந்து எடுத்துக்கொண்டார்.

"சரி மாப்ள," என்றார். "நாலாவது மைதானத்துல ஷெட்டு எந்தப் பக்கம்?"